ஸ்பாய்லர் மாட்டினதும் டிக்கில தண்ணி: என் அனுபவம்

என் ஹேட்ச்பேக் காருக்கு வெளி மார்க்கெட்ல ஒரு ஸ்பாய்லர் (டிக்கி கதவு உச்சியில வைக்கிற இறக்கை மாதிரி பட்டை) வாங்கி நானே மாட்டினேன், ரெண்டு பக்கமும் டேப், நடுவுல பிரேக் லைட் பக்கத்துல ரெண்டு ஸ்க்ரூ. ஒரு வாரத்துல டிக்கி கார்பெட் ஈரம். ஓட்டை போட்ட இடத்துலதான் ஒழுகுதுன்னு ஸ்பாய்லரைக் கழட்டி சிலிக்கான் அப்பி மறுபடி மாட்டினேன் (பழைய டேப்பை எடுக்கவே அரை நாள், ஹேர் ட்ரையர் சூடு காட்டி நூலால அறுத்து எடுத்தாத்தான் பெயின்ட் தப்பிக்கும்). அப்பவும் ஈரம். டிக்கி கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் மாத்தினேன், 700 ரூபா தண்டம். மேல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினா உள்ள ஒரு சொட்டு இல்ல, ஆனா மழையே இல்லாத நாள்ல நனையுது!

கடைசில டிஷ்யூ பேப்பர் வச்சுப் பார்த்தேன், லேசா நீலமா ஆச்சு. மழைத் தண்ணி எங்க நீலமா இருக்கும், அது பின் கண்ணாடியைக் கழுவ வாஷர்ல ஊத்துற நீலக் கலர் தண்ணி. டிக்கி கதவோட உள் ட்ரிம்மை (உள்பக்க மூடியை) கழட்டினா, நான் போட்ட ஸ்க்ரூ நுனி நீளமா இருந்து வாஷர் ஹோஸை ஊசி மாதிரி குத்தி வச்சிருக்கு, பின் வைப்பருக்குத் தண்ணி அடிக்கிறப்ப மட்டும் கசியுது.

ஓட்டையான இடத்தை வெட்டிட்டு மீன் தொட்டி ஏர் டியூபுக்குப் போடுற 4 மிமீ ஜாயின்ட்டர் சொருகினேன், சிக்குனு உட்கார்ந்துச்சு. சின்ன ஸ்க்ரூ மாத்தி, ஓட்டை ஓரத்துல துரு பிடிக்காம டச்-அப் பெயின்ட் வச்சாச்சு. இந்த ரிப்பேருக்குச் செலவு மொத்தம் 40 ரூபா, கார்பெட் காயத்தான் மூணு நாள்.