ஜப்பானில் முதல் கிறிஸ்துமஸா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் வருஷா வருஷம் டிசம்பரில் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். அபார்ட்மென்டில் சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தையும் நிம்மதியையும் கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

விடுப்பு கேட்பதற்கு முன் டிக்கெட் போடுவது

நவம்பரிலேயே தெருவெல்லாம் விளக்கு, கடையெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு. அதைப் பார்த்துவிட்டு லீவு இல்லாமலா போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். டிசம்பர் 25 இங்கே சாதாரண வேலை நாள். முன்பு 23ஆம் தேதி பேரரசர் அகிஹிதோவின் பிறந்தநாள் விடுமுறை இருந்தது. 2019இல் அவர் பதவி விலகியபின் அதுவும் போயிற்று. இப்போதைய பேரரசரின் பிறந்தநாள் பிப்ரவரி 23. பழைய ஆட்கள் சொன்னதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

சம்பளத்தோடு கூடிய விடுப்பில்தான் பெரிய சிக்கல். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகு 10 நாள் என்பது சட்டம். அக்டோபரில் சேர்ந்தவருக்கு ஏப்ரலில்தான் கிடைக்கும். முன்கூட்டியே கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

நாகர்கோவில் பையன் ஒருவன் அப்படித்தான் அக்டோபரில் சேர்ந்தான். டிசம்பர் 22 கிளம்பி ஜனவரி 5 திரும்ப, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டைப் போட்டுவிட்டு, டிசம்பர் முதல் வாரத்தில்தான் மேனேஜரிடம் வாயைத் திறந்தான். அவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, பார்க்கலாம் என்றார். இங்கே அதற்குப் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். இவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான். வருஷக் கடைசி வேலை குவிந்து கிடக்கிறது, போக முடியாது என்று பிறகு தெரிந்தது. டிக்கெட் பணம் போயிற்று. அதற்குள் அங்கே அம்மா முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்திருந்தார். ஒரே ஒரு கேள்வியை முன்னாலேயே கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக வருகிறது. அதே ஆபீசில் விவரம் தெரிந்த நம்மவர்கள் இருந்தும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

வேலை ஒப்பந்தம் பேசும்போதே விடுப்பைக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் சம்மதம் வராமல் டிக்கெட் போடாதீர்கள். கிடைக்கவில்லை என்றால், பல கம்பெனிகள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். புத்தாண்டு ஆராதனைக்காவது ஊர் போய்ச் சேரலாம். அந்த நாட்களில் விமானக் கட்டணம் ஏறிவிடும், சீக்கிரம் போடுங்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கு, டோக்கியோ யோட்சுயாவின் புனித இக்னேஷியஸ் ஆலயத்தில் ஆங்கிலத்திலும் திருப்பலி உண்டு. ஊரில் அதிகாலை நான்கு மணி ஆராதனை என்றால் இங்கே காலை ஏழரை. போனில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

24 இரவு ஆபீஸ் நண்பர்களை விருந்துக்கு அழைப்பது

இங்கே அது காதலர்கள் வெளியே போகும் இரவு. குழந்தை உள்ளவர்கள் வீட்டில் கேக் வெட்டுவார்கள். நீங்கள் கூப்பிட்டால் மறுக்கவும் சங்கடம், வரவும் சங்கடம். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் அழையுங்கள். பிரியாணிக்குச் சந்தோஷமாக வருவார்கள். குடும்பம் கூடிக் கொண்டாடுவது புத்தாண்டுக்குத்தான். ஜனவரி முதல் மூன்று நாளும் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

கோழியை அன்றைக்குப் போய் வாங்குவது

1974இல் கென்டக்கி (நம் ஊரில் கே.எஃப்.சி.) நாடு முழுக்கச் செய்த விளம்பரத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி என்று ஆகிவிட்டது. முன்பதிவு செய்தவர்கள் வரிசையில் நிற்கும்போது நீங்கள் வெறுங்கையோடு திரும்புவீர்கள். வெள்ளைக் கிரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்த கேக்குக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். மறந்துவிட்டால், சூப்பர் மார்க்கெட்டில் சுட்ட கோழிக்கால் இருக்கும், ருசியும் மோசமில்லை.

முழு வான்கோழி வாங்குவது

முதலில் உங்கள் ஓவன் அடுப்பை அளந்து பாருங்கள்.

அலங்காரப் பொருளை 26இல் வாங்க நினைப்பது

இருக்காது. மரத்தை எடுத்துவிட்டுப் புத்தாண்டுக்கு மூங்கில் அலங்காரம் வைத்திருப்பார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவதைத் தள்ளிப்போடுவது

25ஆம் தேதி இந்தியாவில் வங்கி விடுமுறை. டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரை இங்கே வங்கி கிடையாது. 20ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். விசா வேலை ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள், குடிவரவு அலுவலகம் 29ஆம் தேதியே மூடிவிடும்.