வில்டன்ஸ் மியூசிக் ஹாலை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

லண்டனின் கிழக்குப் பகுதியில் இருக்கும் வில்டன்ஸ் மியூசிக் ஹாலுக்குப் போக ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? சரி, வரிசையாகப் பார்ப்போம். இது 1859-இல் ஜான் வில்டன் திறந்த அரங்கம், இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

முதலில், எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டடத்தை மட்டும் பார்க்க வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் நாட்கள் உண்டு, இல்லையென்றால் ஏதாவது நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கலாம். என்னைக் கேட்டால் நிகழ்ச்சிக்கே போங்கள்; கூட்டமும் பாட்டும் நிறைந்திருக்கக் கட்டிய இடம், காலியாகப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். தேதிகள் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும்.

அடுத்தது வழி. டவர் ஹில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சந்தின் பெயர் கிரேசஸ் ஆலி. பிரம்மாண்டமான முகப்பைத் தேடிக்கொண்டு போனீர்கள் என்றால் தாண்டிப் போய்விடுவீர்கள், ஏனென்றால் அரங்கம் இருப்பது ஒரு வரிசை பழைய வீடுகளுக்குப் பின்னால். உள்ளே போகும் கதவும் அந்த வீடுகளில்தான்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு ஓடிவராமல் முன்கூட்டியே போய்விடுங்கள். முன்பக்கத்தில் மஹோகனி பார் இருக்கிறது, அங்கே உட்கார்ந்துவிடாமல் சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடம், அடுக்கடுக்காகத் தெரியும் பழைய பெயின்ட், மூடாமல் விட்ட செங்கல்! வேலை பாதியில் நின்றுவிட்டதோ என்று தோன்றும். இல்லை, 2015-இல் முடிந்த பழுதுபார்ப்பில் கட்டடம் விழாமல் இருக்கத் தேவையானதைச் செய்துவிட்டு, மீதியை வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறார்கள். பளபளவென்று பூசியிருந்தால் 1877-இல் பிடித்த தீ, 1888-இல் வந்த மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை, 1889 துறைமுக வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்டது, 1956-க்குப் பிறகு கந்தல் துணி குவித்துவைக்கும் கிடங்காகக் கிடந்தது எல்லாம் வெறும் கதையாகத்தான் இருந்திருக்கும். அறுபதுகளில் இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் சண்டை போட்டதால் தப்பியது, 1971-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது.

அப்புறம் ஹாலுக்குள். மூன்று பக்கமும் ஓடும் பால்கனியைத் தாங்குவது, கயிறு திரித்ததுபோல் முறுக்கிய மெல்லிய இரும்புத் தூண்கள். பால்கனியின் முகப்பில் இருக்கும் அலங்காரத்தைச் செதுக்கிய மரம் என்று நினைப்பீர்கள், அது காகிதக்கூழில் செய்தது.

கடைசியாக இருக்கை. தூண்கள் அழகுதான், ஆனால் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் மேடையில் பாதி மறையும், அதனால் எண் போடாத இருக்கை என்றால் கதவு திறந்ததும் நடுவரிசையைப் பிடியுங்கள். நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. போட்டோ எல்லாம் விளக்கு அணையும் முன்பே எடுத்துவிடுங்கள்.