தீவுகளில் டாக்சி: ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்

வெப்பமண்டலத் தீவுகளுக்குச் செல்பவர்கள், தீவு சிறியது என்பதால் டாக்சிக் கட்டணமும் குறைவாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எரிபொருளும் உதிரிபாகங்களும் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்க வேண்டியிருப்பதால், குறுகிய தூரத்துக்கே கணிசமான தொகை கேட்கப்படுவது இயல்பு. கரீபியன் தீவுகள் பலவற்றில் டாக்சிகளுக்கு மீட்டர் கிடையாது. பார்படோஸில் இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணமே நடைமுறையில் உள்ளது. அமெரிக்க வர்ஜின் தீவுகளிலோ கட்டணம் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதுடன், பெட்டிகளுக்கும் தனியே கொடுக்க வேண்டியிருக்கும். நால்வர் கொண்ட குடும்பம் இதைக் கேட்காமல் ஏறினால், இறங்கும்போது திகைக்க நேரிடும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘டாலர்’ என்ற சொல்லில் இருக்கிறது. செயின்ட் லூசியா, கிரெனடா, ஆன்டிகுவா போன்ற இடங்களில் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர், 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மாறாத மதிப்பில் இருந்துவருகிறது. ஆகவே ஓட்டுநர் “40 டாலர்” என்று சொன்னால், அது ஏறத்தாழ 15 அமெரிக்க டாலராகவும் இருக்கலாம், முழு 40 ஆகவும் இருக்கலாம். எந்த டாலர், ஆளுக்கா வண்டிக்கா, போக மட்டுமா திரும்பவும் சேர்த்தா என்ற மூன்றையும் கதவைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரவில் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம். சில்லறை நோட்டுகள் கையில் இருப்பது நல்லது. பெரிய நோட்டுக்கு மீதி கிடைப்பது பல வேளைகளில் கடினம்.