கேம் ஷோவில் பதற்றம் ஏறும் இடமும் வடியும் இடமும்

புது கேம் ஷோ ஒன்றை வடிவமைக்கும்போது கேள்விகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பரிசுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் எதிரே 'தவறினால் கையைவிட்டுப் போவது எவ்வளவு' என்று எழுதுங்கள். வெல்லும் தொகையைவிட இந்த எண்தான் முக்கியம்.

1998-ல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியின் பழைய பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 15 கேள்விகள். ஐந்தாவதில் 1,000 பவுண்டு, பத்தாவதில் 32,000 பவுண்டு. அவற்றைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். 16,000 வைத்திருப்பவர் பத்தாவதில் தவறினால் 1,000-க்குச் சரிவார், 15,000 போச்சு. பதினொன்றாவதில் இழக்க ஒன்றுமில்லை. குத்துமதிப்பாக எதையாவது சொல்லிவிடலாம், பார்ப்பவரும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். பதினொன்றாவதில் 64,000 தொட்டவருக்குப் பன்னிரண்டாவதில் மறுபடி 32,000 பணயம். இந்த ஏற்ற இறக்கம் நல்லதுதான். எல்லாக் கேள்வியிலும் நெஞ்சு அடித்துக்கொண்டால் சீக்கிரம் மரத்துப்போகும். ஆனால் கேள்வியைப் பார்த்த பிறகும் கையிலுள்ள தொகையோடு விலகலாம் என்ற விதியில் கைவைக்காதீர்கள். அது போனால் மிஞ்சுவது பரீட்சை.

பலர் மோதும் ஆட்டத்தில் சிக்கல் வேறு. 'ஜெப்பர்டி' என்ற அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியின் கடைசிச் சுற்றில் ஒருவர் தன்னிடமுள்ளது முழுவதையும் பந்தயம் வைக்கலாம். பதில் சரியென்றால் வைத்த அளவு கூடும், தவறினால் அது போகும். முதலிடம் 24,000, இரண்டாமிடம் 11,000 என்றால் இரட்டித்தாலும் 22,000தான். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டாமிடம் 13,000 என்றால் அது 26,000 ஆகக்கூடும். முதலிடத்தில் இருப்பவர் 2,001 வைத்தே ஆக வேண்டும், தவறினால் 21,999-ல் நிற்பார். உயிர் அங்கே இருக்கிறது. இதற்குப் பயந்து கடைசிச் சுற்றுக்கு மலைபோல் மதிப்பெண் கொட்டுவது அதைவிட மோசம்: முந்தைய சுற்றுகளை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒத்திகையில் பத்து ஆட்டங்கள் ஓட்டி, கடைசிச் சுற்றுக்கு முன்பே எத்தனை முடிந்துபோகின்றன என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் நடுச்சுற்றின் மதிப்பைத் திருத்துங்கள்.

மூடிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் ஆட்டங்களில், திறந்த பெட்டியின் தொகை ஆட்டத்தைவிட்டுப் போய்விடும். பெரிய தொகை ஒன்றே ஒன்று என்றால், அது ஆரம்பத்திலேயே வெளியே வந்ததும் மிச்ச நேரம் இழுவை. உச்சத்துக்குக் கீழே நாலைந்து கனமான தொகைகளாவது வையுங்கள்.

பதிலை லாக் செய்த பின் தொகுப்பாளர் காக்கும் மௌனம் மூன்று நான்கு நொடி போதும். அதையும் சுலபமான கேள்விக்கு வீணாக்கக் கூடாது. கடிகாரமும் காட்டிக்கொடுக்கும். நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் பெரிய கேள்வி வந்தால், அடுத்த கேள்விக்கு நேரமில்லை, ஆகவே தோற்கப்போகிறார் என்று வீட்டில் இருப்பவர் கணித்துவிடுவார். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி அடுத்த பகுதியில் தொடர விதி வைத்தால் இந்தக் கணிப்பு பலிக்காது.