சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே: பெரிய வேலையை விட்டு இறங்குபவர்களுக்கு

ராஜினாமாக் கடிதம் கடைசியாக எழுத வேண்டியது. பலர் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். கோலாலம்பூரில் எந்த வங்கிக்குப் போனாலும் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கையும்தான். அவை நின்றுபோனால், நேற்றுவரை ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம் நடக்காது. அதனால் வேலையில் இருக்கப்போகும் கடைசி நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். ஒரு வருடம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் ஏதாவது ஒன்று விடுபட்டுவிடும்.

முதல் வேலை மெடிக்கல் கார்டு

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்புறுதிக் கார்டு வேலை முடியும் நாளோடு செத்துவிடும். சொந்தமாக ஒன்று வாங்கினாலும் அது உடனே முழுதாக வேலை செய்யாது. பொதுவான நோய்களுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், கட்டி, சிறுநீரகக் கல் போன்றவற்றுக்கு 120 நாள். அதாவது கடைசி நாளுக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே சொந்தக் கார்டு நடப்பில் இருக்க வேண்டும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது விண்ணப்பப் படிவத்தில். கம்பெனி பேனல் கிளினிக்கில் வாங்கிய பிரஷர் மாத்திரையை எழுதாமல் விட்டால், பிற்பாடு கிளெய்ம் போகும்போது பழைய மருத்துவக் குறிப்பை எடுத்துப் பார்த்து நிராகரிப்பார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். காப்புறுதி நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டலாம், அந்த நோயை மட்டும் விலக்கலாம், முழுதாக மறுக்கவும் செய்யலாம். மறுப்பு என்றால், அந்தச் செய்தி வேலையில் இருக்கும்போதே தெரிந்தது நல்லதுதான். கம்பெனிக் குழுக் கார்டைத் தனிக் கார்டாக மாற்றித் தரும் ஏற்பாடு உண்டா என்று எச்ஆரிடம் கேட்டுப் பார்க்கலாம். சில இடங்களில் உண்டு. அதுவும் இல்லையென்றால் அரசாங்க மருத்துவமனைதான்: சாதாரண சிகிச்சைக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. வைத்தியம் நன்றாகவே இருக்கும், காத்திருப்பு மட்டும் நீளம்.

வீட்டுக் கடனும் கைப்பணமும்

வட்டி குறைந்த வங்கிக்குக் கடனை மாற்றுவதோ, மாதத் தவணையைக் குறைப்பதோ, இப்போதே செய்யுங்கள். மாற்றும் முன் பழைய ஒப்பந்தத்தில் பூட்டுக்காலம் எத்தனை வருடம் என்று பாருங்கள். அதற்குள் அடைத்தால் அபராதம் உண்டு.

மாற்றும்போது முழு ஃப்ளெக்சி கடனாகக் கேளுங்கள். கணக்கில் கிடக்கும் பணத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வட்டி போடுவார்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். 3 இலட்சம் வெள்ளி பாக்கி, 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் 60,000 வெள்ளி போட்டு வைத்தால் வருடம் 2,400 வெள்ளி வட்டி மிச்சம். அரை ஃப்ளெக்சி என்றால் போட்ட பணத்தை எடுக்க மனுவும் கட்டணமும் தேவைப்படும்.

கடன் இல்லாமல் இறங்க வேண்டும் என்ற ஆசையில் கைப்பணம் முழுவதையும் சாதாரணக் கடனுக்குக் கட்டிவிடுவதுதான் பெரிய தவறு என்போம். கட்டிய பணம் திரும்ப வேண்டுமானால் புதுக் கடன் எடுக்க வேண்டும்; புதுக் கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். அது அப்போது இருக்காது.

எவ்வளவு இருந்தால் போதும்

நினைத்துச் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். ஆறு மாதம் வாழ்ந்து பாருங்கள். இனிமேல் மாதம் 4,000 வெள்ளியில் வாழப்போகிறோம் என்றால், சம்பள நாளன்றே 4,000 போக மீதி தானாக ஃப்ளெக்சி கடன் கணக்குக்குப் போகும்படி வையுங்கள். மூன்றாம் மாதம் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும் செலவுகளில்தான்: கார் இன்சூரன்சும் ரோட் டேக்சும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் வீட்டு மதிப்பீட்டு வரி, நில வரி, தீபாவளி, கல்யாண மொய். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். நண்பர்களோடு கூட்டு (சீட்டு) கட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சுற்று முடிந்த பிறகு இறங்குங்கள். கம்பெனி கட்டிவந்த பெட்ரோல், டோல், பார்க்கிங் இனி உங்கள் பை. ரயில் பாதைக்கு அருகில் வீடு என்றால் மாதம் 50 வெள்ளி மை50 பயண அட்டை ஒரு காரையே மிச்சப்படுத்தும்.

கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் கணக்கிடுவது இன்னொரு பிழை. 12,000 வெள்ளி சம்பளத்தில் உங்கள் 11 விழுக்காடும் கம்பெனியின் 12 விழுக்காடும் சேர்ந்து மாதம் 2,760 வெள்ளி இபிஎஃப்புக்குப் போகிறது. இறங்கிய மாதமே அது நின்றுவிடும்.

இபிஎஃப்பில் எது உங்கள் கைக்கு எட்டும்

வேலையை விட்டதற்காக இபிஎஃப் பணத்தை எடுக்க முடியாது. 2024 மே முதல் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்கு 75, செஜாத்ராவுக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபலுக்கு 10 விழுக்காடு. ஃப்ளெக்சிபலில் மொத்தச் சேமிப்பின் பத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. அந்தப் பத்து, புதிதாக வரும் சந்தாவில் மட்டும். பழைய சேமிப்பில் ஒரு பகுதியைத் தொடக்கத்தில் அதற்கு மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு அது மிகச் சிறிய தொகை. செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்க எடுக்கலாம். 50 வயதில் அதை முழுதாக எடுக்கலாம். 55 வயதில் எல்லாவற்றையும். சந்தா நின்றாலும் இருக்கும் பணத்துக்கு ஈவு வரும்.

சொந்தத் தொழில் தொடங்கிய பின், சுயதொழில் செய்வோருக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் பதிந்து வருடம் 2,500 வெள்ளி போட்டால், அரசு 20 விழுக்காடாக 500 வெள்ளி சேர்க்கும். ஆயுளுக்கு 5,000 வெள்ளி வரை. நிச்சயமான 20 விழுக்காடு வேறெங்கும் கிடைக்காது, விடாதீர்கள்.

கடிதம்

ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலம்தான் செல்லும். பெரிய பதவிக்கு மூன்று மாதம் இருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதவில்லையென்றால் 1955 வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6, அதற்கு மேல் 8. கம்பெனி செலவில் படித்திருந்தால் பாண்ட் (கட்டாயம் வேலை செய்ய வேண்டிய காலம்) முடிந்துவிட்டதா என்று பாருங்கள். போனஸ் பெரும்பாலும் கொடுக்கும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்குத்தான். பணம் கணக்கில் விழுந்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். வேலையை விட்டபின் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற விதி 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி செல்லாது; ஆனால் கம்பெனி ரகசியத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தொடாதீர்கள்.

தானாக விலகுபவருக்குச் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதியில் காசு கிடையாது. கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கும் பேச்சு இருந்தால் பொறுத்திருங்கள். அதில் போனால் இழப்பீடும் உண்டு, 60 நாளுக்குள் சொக்சோவில் மனுவும் செய்யலாம்.

உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். பெற்றோரிடமும் துணையிடமும் மேலே போட்ட கணக்கைத் தாளில் காட்டுங்கள். மாமாக்களுக்கு “சொந்தத் தொழில்” என்ற இரண்டு சொல் போதும். இல்லையென்றால் கம்பெனியில் என்ன தகராறு என்று தைப்பூசம் வரை விசாரிப்பார்கள்.

பிறகு செய்யப்போகும் வேலை

எதுவானாலும் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவன ஆணையம்) பதியுங்கள். சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. வீட்டுச் சமையலை விற்பவர்கள் டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்; ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

அதிகம் கையைச் சுடுவது நிலம். ஹுலு லங்காட் பக்கம் மலிவாகக் கைமாறும் நிலத்தில் சில டிஓஎல் நிலங்கள், அதாவது தற்காலிக உரிமத்தில் கொடுத்த அரசு நிலங்கள். அந்தத் தற்காலிக உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31-இலும் முடிந்துவிடும், விற்கவும் முடியாது. ஒட்டு டுரியான் காய்க்கவே ஐந்தாறு வருடமாகும். அங்கே கீரை போடலாம், மரம் வைக்காதீர்கள். தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். வாய்ப்பேச்சையும் வெள்ளைத் தாளையும் நம்பிக் கிணறு வெட்டாதீர்கள். தேர்வு செய்த நிலத்தின் கிராந்தை (உரிமைப் பத்திரத்தை) நில அலுவலகத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் முன்பணம்.

கடைசி வாரம்

கம்பெனி போன் நம்பரும் மின்னஞ்சலும் வங்கி, இபிஎஃப்பின் ஐ-அக்கவுன், வருமான வரியின் மைடேக்ஸ் எல்லாவற்றிலும் பதிந்திருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்த பின் உறுதிசெய்யும் டேக் எண் அங்கேதான் போகும். முன்கூட்டியே மாற்றுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தரவிறக்கி வையுங்கள். வரி நிலுவை சரிபார்க்கும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கவும் இடமுண்டு என்பதால், முதல் இரண்டு மாதச் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

பிசிபி, அதாவது மாதச் சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, வருடம் முழுதும் சம்பளம் வரும் என்ற கணக்கில் பிடிக்கப்படுகிறது. வருட நடுவில் இறங்கினால் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். அடுத்த வருடம் படிவம் போட்டால்தான் திரும்பும். சம்பளம் மட்டும் என்றால் பிஇ படிவம், ஏப்ரல் 30. தொழில் வருமானமும் சேர்ந்தால் பி படிவம், ஜூன் 30. இதற்கு வேண்டிய இஏ படிவத்தை (வருடச் சம்பள விவரம்) கம்பெனி பிப்ரவரி இறுதிக்குள் தர வேண்டும். எச்ஆரிடம் உங்கள் சொந்த மின்னஞ்சலை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.