மெயில்ல ‘பை’ எங்க போடணும், ‘அன்டில்’ எங்க போடணும் – எக்ஸ்போர்ட் ஆபிசுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல மெர்ச்சண்டைசிங்ல, அதாவது ஆர்டரை முன்ன நின்னு பார்த்துக்கற வேலைல, புதுசா சேர்ற பசங்களுக்கும் புள்ளைங்களுக்கும் இங்கிலீஷ் தெரியாம எல்லாம் இல்லைங்க. பையர், அதாவது ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக்காரர், அனுப்பற மெயிலைப் படிச்சா புரிஞ்சுக்கறாங்க, அளவு டிசைன் எல்லாம் இருக்கற டெக் பேக்கைக் கடகடன்னு பிரிச்சு மேஞ்சுடறாங்க. திரும்ப பதில் அடிக்கறப்பதான் பி, ஒய்னு ரெண்டே எழுத்து இருக்கற ‘பை’கிட்ட வந்து நிக்கறாங்க. நானும் அதே எடத்துல நெம்ப நாள் நின்னுருக்கறேன், பொறவு ஒரு வழி கண்டுபுடிச்சு இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் வெச்சுட்டு இருக்கறேன், புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் அதைத்தான் சொல்லித் தர்றேன், அதனால ஒட்டுக்கா இங்கயே எழுதி வெச்சுடறனுங்க. சரக்கு வாங்கற ‘பை’க்கு பி, யு, ஒய். டாட்டா சொல்ற ‘பை’க்கு பி, ஒய், இ. அது ரெண்டும் இங்க வராது.

ஸ்டெப் 1: மொதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க

இங்கிலீஷ்ல யோசிக்காதீங்க. சொல்ல வந்ததை வீட்ல பேசற மாதிரி ஒருக்கா வாய்விட்டு சொல்லுங்க. ‘குள்ள’ன்னு வந்தா பை. ‘வரைக்கும்’னு வந்தா அன்டில், இல்லாட்டி டில்.

‘ப்ளீஸ் சென்ட் த ஃபிட் சாம்பிள் பை ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்கன்னு அர்த்தம். புதன்கிழமையே அனுப்பினாலும் சரி, வியாழக்கிழமை அனுப்பினாலும் சரி, வெள்ளியைத் தாண்டக்கூடாது. ஒரு தடவை நடந்து முடிஞ்சு போற வேலைக்குத்தான் இது வரும். ‘த சாம்பிள் ரூம் இஸ் ஓப்பன் அன்டில் ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் தெறந்தே இருக்கும், நடுவுல எந்த நாள் போனாலும் ஆளிருக்கும்.

ரெண்டையும் மாத்திப் போட்டா என்ன ஆகும்னு ஒரே ஒரு வரில பாருங்க. ‘ஐ வில் பி இன் த ஆபிஸ் பை சிக்ஸ்’ – ஆறு மணிக்குள்ள ஆபிசுக்கு வந்துடுவேன். ‘ஐ வில் பி இன் த ஆபிஸ் அன்டில் சிக்ஸ்’ – ஆறு மணி வரைக்கும் ஆபிஸ்ல இருப்பேன். பையர் அஞ்சு மணிக்கு கூப்பிடலாம்னு இருக்கறார்னு வைங்க, மொத வரியைப் படிச்சவர் ‘இன்னும் வந்திருக்க மாட்டாங்க’ன்னு விட்டுடுவார், ரெண்டாவதைப் படிச்சவர் தைரியமா கூப்பிடுவார். மாறினது ஒரே ஒரு வார்த்தைதானுங்க.

செய்யாதீங்கன்னு சொல்றப்பவும் இந்த டெஸ்ட் சரியா வேலை செய்யும். பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி காட்டற சாம்பிள்) அப்ரூவல் வர்ற வரைக்கும் கட்டிங் போடாதீங்கன்னு தமிழ்ல சொல்றமில்ல, ‘வரைக்கும்’ வந்துருச்சு, அதனால ‘டோன்ட் ஸ்டார்ட் கட்டிங் அன்டில் த பிபி சாம்பிள் இஸ் அப்ரூவ்ட்’. இங்க பை போட்டா வாக்கியமே நிக்காது.

ஸ்டெப் 2: ‘குள்ள’ வந்தாலும் உடனே பை போட்டுடாதீங்க

இங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ன்னும் சொல்றோம், ‘மூணு நாளைக்குள்ள’ன்னும் சொல்றோம், நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே குள்ளதான். இங்கிலீஷ்ல பிரிஞ்சுடும். கிழமை, தேதி, மணின்னு காலண்டர்லயோ கடியாரத்துலயோ விரல் வெச்சுக் காட்டற மாதிரி இருந்தா பை. மூணு நாள், ஒரு வாரம், 48 மணி நேரம்னு நீளமா இருந்தா விதின். ‘பை ஃப்ரைடே’, ‘விதின் த்ரீ டேஸ்’. ‘விதின் ஃப்ரைடே’ன்னு நம்ம பக்கம் நெம்ப பேர் எழுதறாங்க, அதை விட்டுடுங்க.

அப்பறம் பிஃபோர். பை ஃப்ரைடேன்னா வெள்ளிக்கிழமையும் கணக்குல சேரும். பிஃபோர் ஃப்ரைடேன்னா சேராது, வியாழக்கிழமையே முடிஞ்சிருக்கணும். பையர் பிஃபோர்னு போட்டிருந்தா அந்த ஒரு நாளை மறந்துடாம டையிங்காரங்ககிட்டயும் பிரிண்டிங்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

வெள்ளிக்கிழமை சேரும் சரி, எந்த ஊர் வெள்ளிக்கிழமை? ஜெர்மனி பையர் ‘பை என்ட் ஆஃப் டே ஃப்ரைடே’ன்னு போட்டா அது அவர் ஊர் சாயங்காலம். அந்த ஊர் நம்மளை விட குளிர்காலத்துல நாலரை மணி நேரம், வெயில் காலத்துல மூணரை மணி நேரம் பின்னாடி ஓடுது. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் அவங்க கடியாரத்தை மாத்தி வெக்கறதால இந்த வித்தியாசம் வருது. அதனால நான் எப்பவும் வெறும் பை ஃப்ரைடேன்னு விடமாட்டேன், ‘பை ஃப்ரைடே, 6 பிஎம் இண்டியன் டைம்’னு முழுசா போட்டுடுவேன். நாலு வார்த்தை கூட அடிக்கறதுல ஒண்ணும் கொறஞ்சு போறதில்லைங்க.

ஸ்டெப் 3: அளவுல பை வந்தா பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்க

மெஷர்மெண்ட் கமெண்ட்ல வர்ற பைதான் துணிக்கு ஆபத்து. தேதி தப்பினா போன் பண்ணி சரி பண்ணிக்கலாம், கட்டிங் போட்ட துணியை என்ன பண்றது?

ஒரு டிஷர்ட்டோட பாடி லென்த் 70 சென்டிமீட்டர்னு இருக்குது. ‘ரெட்யூஸ் பை 2 சென்டிமீட்டர்’னு கமெண்ட் வந்தா ரெண்டு சென்டிமீட்டர் கொறைக்கணும், அப்ப 68. ‘ரெட்யூஸ் டு 68’ன்னு வந்தாலும் அதே 68தான், ஆனா இங்க 68ங்கறது போய் நிக்கற எடம். பைக்குப் பின்னாடி வர்றது வித்தியாசம், டூவுக்குப் பின்னாடி வர்றது கடைசி அளவு. 70ம் 2ம்னா பார்த்த ஒடனே தெரிஞ்சுடும், ஏன்னா ரெண்டு சென்டிமீட்டர்ல பனியன் தைக்க முடியாது. சின்ன அளவுல வர்றப்பதான் கண்ணு ஏமாத்தும். கழுத்து ரிப் (கழுத்தைச் சுத்தி வர்ற பட்டி) அகலம் 2 சென்டிமீட்டர், கமெண்ட்ல ‘இன்க்ரீஸ் பை 2.5’னு இருந்தா 4.5 ஆகுது, ‘இன்க்ரீஸ் டு 2.5’னு இருந்தா வெறும் அரை சென்டிமீட்டர்தான் கூடுது. ரெண்டுமே தைக்கக் கூடிய அளவு, பேட்டர்ன் மாஸ்டர் ஒண்ணும் கேக்காம தைச்சே குடுத்துடுவார்.

அதனால அந்த மாதிரி கமெண்ட்டைப் படிச்ச ஒடனே பக்கத்துலயே பழைய அளவு, புது அளவு ரெண்டையும் எழுதி மாஸ்டர்கிட்ட குடுங்க. பையருக்குப் பதில் போடறப்பவும் ‘ஃப்ரம் 2 டு 4.5’னு எழுதிக் கேட்டுக்குங்க. பை மட்டும் போட்டு அளவை அனுப்பறது எனக்கு எப்பவுமே புடிக்காது.

வெலைக்கும் இதே கணக்குதான். 4 டாலருக்கு ‘ரெட்யூஸ் பை 5 பர்சன்ட்’னு வந்தா 3.80. கப்பல் ‘டிலேட் பை த்ரீ டேஸ்’னா மூணு நாள் தள்ளிப் போச்சு, 10ஆம் தேதி கெளம்ப வேண்டியது 13ஆம் தேதி கெளம்பும். மூணு நாளைக்குள்ள வந்துரும்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

ஸ்டெப் 4: ‘ஆல்’

குமாரால், கத்தரிக்கோலால் – தமிழ்ல ரெண்டுக்கும் ஆல்தான். இங்கிலீஷ்ல ஆளுக்கு பை, கையில புடிக்கற சாமானுக்கு வித். ‘செக்ட் பை குமார்’, ‘கட் வித் சிசர்ஸ்’. ஆனா கைவேலைன்னு பொதுவா சொல்றப்ப ‘பை ஹேண்ட்’, மெசின் வேலைன்னா ‘பை மெசின்’, அது சரிதான்.

இன்னொண்ணு, ‘த சாம்பிள் வாஸ் சென்ட் பை மீ’ன்னு எழுதறது மரியாதைன்னு நெனைக்கறாங்க. ‘ஐ சென்ட் த சாம்பிள்’னு நேரா எழுதுங்க, நல்லாவே இருக்கும்.

மத்தது வெசயா

பை ஏர், பை சீ, பை கூரியர் – நடுவுல ‘எ’, ‘த’ எதுவும் வேண்டாம். நடந்து போறது மட்டும் ‘ஆன் ஃபுட்’. பீஸ் ரேட்ல தைக்கறவங்க ‘பெய்ட் பை த பீஸ்’, ஊத்துக்குளி வெண்ணெய் ‘சோல்ட் பை த கிலோ’, இங்க ‘த’ கண்டிப்பா வேணும். அட்டைப்பெட்டி அளவு 60 பை 40 பை 30. ஹோட்டல்ல ஒன் பை டூ சூப்னு கேக்கறது நம்ம ஊருக்குள்ள சரி, வெளிநாட்டு மெயில்ல பாதின்னா ‘ஹாஃப்’னே எழுதுங்க. மனப்பாடத்துக்கு ‘லேர்ன் பை ஹார்ட்’, வெறும் ‘பைஹார்ட் பண்ணு’ நம்ம ஊர் வழக்கம்.

எதை வெச்சுப் பழகறது

மொபைல் மொழிபெயர்ப்பு ஆப்பை இதுக்கு நம்பாதீங்க. முழு வாக்கியம் குடுக்காம பைனு மட்டும் அடிச்சா ‘மூலம்’னு ஒண்ணைக் காட்டிட்டு நின்னுக்கும். கேம்பிரிட்ஜ் ஆன்லைன் டிக்ஷனரில பைக்கு ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியா உதாரணம் இருக்குது, இலவசம், எனக்கு அதுதான் புடிக்கும். அதை விட நல்லது உங்க ஆபிஸ் இன்பாக்ஸ். சர்ச்ல டபுள் கோட்ஸ் போட்டு ‘பை ஃப்ரைடே’, ‘பை த என்ட்’னு தேடுங்க, லண்டன் பையர் எழுதின பழைய மெயில் எல்லாம் வந்து நிக்கும். உங்க வேலைக்குத் தேவையான வாக்கியம் அப்படியே அதுல கெடக்குதுங்க.

அப்டேட் 1: கோபில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ‘நாலு மணிக்கு வர்றேன்னு சொல்ல பை ஃபோர் போடலாமா?’ன்னு. கேட்டதுக்கு நன்றி கண்ணு, இதை நான் எழுதாம விட்டிருக்கறேன். நாலு மணி வாக்குலன்னா ‘அரவுண்ட் ஃபோர்’. கரெக்டா நாலுக்குன்னா ‘அட் ஃபோர்’. பை ஃபோர்னா நாலைத் தாண்டாது. நாம நாலேகாலுக்குப் போய் நின்னுட்டு ‘பை ஃபோர்னுதானே சொன்னேன்’னா அவங்களுக்கு அது லேட்டுதான்.

அப்டேட் 2: ‘பை த டைம்’ பத்தி நெறைய பேர் கேட்டிருக்கறீங்க. கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள டாகுமெண்ட் ரெடியாயிடும் – ‘பை த டைம் த கன்டெய்னர் ரீச்சஸ் தூத்துக்குடி, த டாகுமெண்ட்ஸ் வில் பி ரெடி’. போய்ச் சேர்றது இனிமேல்தான் நடக்கப் போகுது, இருந்தாலும் அந்தப் பக்கம் ‘வில்’ வராது. ரெண்டாவது பாதில மட்டும் வில்.

அப்டேட் 3: பொங்கல் லீவுக்கு மெயில்ல ‘வி ஆர் க்ளோஸ்ட் அன்டில் மண்டே’ன்னு ஆட்டோ ரிப்ளை வெக்கறீங்க. திங்கக்கிழமை தெறப்பீங்களா, செவ்வாய்க்கிழமைதான் தெறப்பீங்களான்னு படிக்கறவங்களுக்கு சந்தேகம் வரும். அன்டிலே வேண்டாமுங்க, தெறக்கற நாளை எழுதிடுங்க: ‘அவர் ஆபிஸ் இஸ் க்ளோஸ்ட் ஃபார் பொங்கல். வி ரீஓப்பன் ஆன் மண்டே அட் 9 ஏஎம் இண்டியன் டைம் அண்ட் வில் ரிப்ளை டு யுவர் மெயில் பை ட்யூஸ்டே.’