வாரக் கணக்குப் புதிர்: விடை சரியாக இருந்தும் மதிப்பெண் ஏன் குறைகிறது?

பல பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாரம் ஒரு கணக்கு கொடுப்பார்கள். மாணவர்கள் அந்த வாரத்துக்குள் முழுத் தீர்வையும் எழுதி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ, தென்கொரியாவின் கைஸ்ட் போன்ற இடங்களில் இப்படி நடத்தியிருக்கிறார்கள். பல கணக்குகளைப் புரிந்துகொள்ளப் பள்ளிக் கணிதமே போதும். தீர்ப்பதுதான் கடினம்.

இதில் வரும் பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே காரணம்தான். தேர்வு அறையின் பழக்கத்தோடு உட்காருகிறோம்: விடையைக் கண்டுபிடி, கட்டம் போடு, அடுத்த கேள்விக்குப் போ. ஆனால் இங்கே அடுத்த கேள்வி கிடையாது. ஒரு வாரம் முழுக்கக் கொடுப்பதே, அந்த விடை ஏன் சரி என்று நிறுவத்தான்.

முதல் தவறு, நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு சூத்திரத்தை அறிவித்துவிடுவது. ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகளை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால் இணையுங்கள். உள்ளே எந்த மூன்று நாண்களும் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, அப்புறம் 4, 8, 16. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது, ஆறு புள்ளிக்கு 32 என்று எழுதத் தோன்றும். வரைந்து எண்ணினால் 31தான் வரும். காரணம் எளிது. ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. உள்ளே உள்ள ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொன்றைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிகளுக்கு 15 நாண்கள். நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வெட்டுப்புள்ளி கிடைக்கும். அப்படித் தேர்ந்தெடுக்க 15 வழிகள். முதலில் இருந்த ஒரு துண்டையும் சேர்த்தால் 31. பத்துப் புள்ளிகளுக்கு இதே கணக்கு 256 தருகிறது, அதாவது மறுபடியும் இரண்டின் அடுக்கு! இரட்டிப்பு யூகப்படி 512 வர வேண்டும்; ஆனாலும் அங்கே மட்டும் சோதித்தவர், எப்போதும் இரண்டின் அடுக்குதான் வரும் என்றே நம்பிவிடுவார்.

கணித மேதை ஆய்லரின் பெயரால் அறியப்படும் n²+n+41 என்ற சூத்திரம் இன்னும் பொல்லாதது. n-க்கு 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும். 40-ஐப் போட்டால் 41-இன் வர்க்கம் வந்து நிற்கும். சின்ன எண்களைச் சோதிப்பது அவசியம்தான், அதுதான் யூகத்தைத் தரும். ஆனால் யூகம் கிடைத்த இடத்திலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது.

அடுத்தது, என் பார்வையில் மிக அதிகமாக மதிப்பெண் போகும் இடம்: பாதி நிரூபணம். 1 முதல் 100 வரையுள்ள எண்களில், ஒன்று மற்றொன்றை வகுக்காதபடி அதிகபட்சம் எத்தனை எண்களைத் தேர்ந்தெடுக்கலாம்? 51 முதல் 100 வரை எடுத்தால் 50 எண்கள், எதுவும் எதையும் வகுக்காது. ஆகவே விடை 50 என்று முடித்துவிடுகிறார்கள். விடை சரிதான். ஆனால் 50 முடியும் என்பது மட்டுமே இதுவரை நிறுவப்பட்டிருக்கிறது. 51 முடியாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதற்கு, ஒவ்வொரு எண்ணையும் ஓர் ஒற்றை எண், இரண்டின் ஓர் அடுக்கு ஆகியவற்றின் பெருக்கலாக எழுத வேண்டும். 100-க்குள் ஒற்றை எண்கள் 50தான். எனவே 51 எண்களை எடுத்தால் ஏதாவது இரண்டுக்கு ஒற்றை எண் பகுதி ஒரே எண்ணாக இருக்கும். அவற்றில் சிறியது பெரியதை வகுத்துவிடும். ‘அதிகபட்சம்’, ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்தாலே தாளை இரண்டாகப் பிரித்து ‘முடியும்’, ‘இதற்கு மேல் முடியாது’ என்று தலைப்பு போட்டுவிடுங்கள்.

இதே குறை சமனிலிகளிலும் வரும். x 2-க்குக் குறையாதபோது x + 1/x-இன் சிறும மதிப்பு என்ன? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற விதியைப் போட்டு 2 என்று எழுதுவார்கள். அந்த 2 கிடைக்க x = 1 ஆக வேண்டும்; அதற்குத்தான் இங்கே அனுமதியே இல்லை. சரியான விடை 5/2.

“எப்படி முயன்றும் வரவில்லை, எனவே சாத்தியமில்லை” என்பதும் நிரூபணம் ஆகாது. சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டு, மீதி 62 கட்டங்களை இரண்டு கட்ட நீளமுள்ள 31 ஓடுகளால் மூட முடியுமா? நூறு விதமாக அடுக்கிப் பார்த்தது எதையும் நிறுவாது. வெட்டிய இரண்டு கட்டங்களும் ஒரே நிறம், அதனால் மீதியில் ஒரு நிறம் 30, மற்றது 32; ஆனால் ஒவ்வொரு ஓடும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும் என்று சொன்னால் இரண்டே வரியில் முடிந்தது.

கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெய்யெண்ணா முழு எண்ணா, பூஜ்யம் உண்டா, எண்கள் வெவ்வேறாக இருக்க வேண்டுமா என்று தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். இருபுறமும் எதையாவது வகுக்கும்போது அது பூஜ்யமாகுமா என்றும் ஒரு முறை பாருங்கள்.

இணையத்திலோ ஏஐயிடமோ விடையைத் தேடுவது பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். விதி என்பதற்காக மட்டும் இல்லை. இரண்டு நாள் எங்கும் நகராமல் சிக்கி நிற்கும்போதுதான் நீங்கள் சிறப்பு நிலைகளைத் தேடுவீர்கள், படம் வரைவீர்கள், கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பீர்கள். அந்தப் பழக்கத்தை வளர்க்கத்தான் போட்டியே. தேடி எடுத்த தீர்வு புரிந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரக் கணக்குக்கு உதவாது.

கடைசி நாள் இரவில் எழுத உட்காராதீர்கள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே எழுதி முடித்து, ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, வேறொருவர் எழுதியதைத் திருத்துவதுபோல் படியுங்கள். ஒவ்வொரு ‘எனவே’யிலும் நின்று ஏன் என்று கேளுங்கள். ‘இது தெளிவு’ என்று எழுதிய இடங்களை இரண்டு முறை பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முழுத் தீர்வு கிடைக்காவிட்டால், விதி இடம் கொடுத்தால், நிறுவியதை மட்டும் தனியாக எழுதி, மீதி நிறுவப்படவில்லை என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள். திருத்துபவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது உடனே தெரியும்.